ஏழு கோல்

"நம்ம காலேஜ் பொண்ணு இந்தியாவுக்கு ஆடப் போச்சு. ஏழு கோல் வாங்கிட்டு வந்திருக்கு. பரவால்ல, வெறுங்கையோட வரல," என்றார் தாளாளர். அரங்கம் குலுங்கியது. மேடையில் சால்வையோடு நின்ற மாஹிரா முன்வரிசையைப் பார்த்தாள். பம்மலில் லேத் பட்டறையை அரைநாள் மூடிவிட்டு வந்திருந்த அவள் அத்தா ஹிதாயத்துல்லா, எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார். தாளாளர் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். அத்தாவின் அந்த முயற்சியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பத்து வயதில் தெருப் பையன்கள் அவளைச் சேர்த்துக்கொண்டதே, பின்னால் தடுப்பாட்டக்காரராக நிற்க யாருக்கும் இஷ்டமில்லாததால்தான். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். தடுத்தவனை யார் தூக்குகிறார்கள்? போகப்போக அந்த இடம் அவளுக்குப் பிடித்துவிட்டது. அங்கிருந்து முழு மைதானமும் தெரியும். பந்து யாரிடம் போகும் என்பது, அது போவதற்கு முன்பே தெரியும். பள்ளிக்கூட பி.டி. டீச்சர் சாமுண்டீஸ்வரி அவளை மாவட்ட அணிக்கு அழைத்துப்போனார். பதினாறு வயதில் மாநில ஜூனியர் அணி. ஷார்ட்ஸுக்கு மேல் சல்வார் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு பாய் ஃபுட்பாலு?" என்று கேட்டவர்களிடம் அத்தா, "நல்லா ஆடுது, ஆடட்டுமே" என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் தாம்பரம் பக்கத்தில் இந்தக் கல்லூரி கிடைத்தது. பெண்களுக்கு மைதானம் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. ஆறேகாலுக்கே கிரிக்கெட் பையன்கள் வந்து ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். அப்படி ஆடித்தான் இரண்டாயிரத்து ஏழில், பத்தொன்பது வயதுக்குட்பட்ட இந்திய அணியில் அவள் பெயர் வந்தது. ஒன்பது நாள் முகாம். ஆண்கள் அணிக்குத் தைத்ததில் மிஞ்சிய சட்டை. கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. விசா தாமதமாகி, ஆட்டத்தன்று விடியற்காலையில்தான் போய் இறங்கினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம். எதிரணிப் பெண்கள் மூன்று வாரமாக அதே புல்லில் ஓடிப் பழகியிருந்தார்கள்.

நிகழ்ச்சி நிரலில் அவள் பேசுவதாக இல்லை. மைக் பக்கத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

"சார், ஏழு உள்ள போச்சு, நெஜம்தான். எத்தன உள்ள போவலன்னு யாராவது எண்ணுனீங்களா? எங்க கீப்பருக்கு நூத்திமூணு காய்ச்சல். மாத்தி இறக்க ரெண்டாவது கீப்பர் இல்ல. அந்த ரெண்டாவது கீப்பர் வரவேண்டிய சீட்டுல, எங்ககூட வந்த ஆபீசரோட மச்சான் வந்திருந்தாரு. நாங்க ஆடும்போது ஸ்டாண்டுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்ட்டுனு இருந்தாரு. அதையும் சொல்லிட்டுச் சிரிங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள். வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்த அத்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. "அந்தக் கீப்பர் பொண்ணுக்கு இப்ப எப்டி கீது?" என்றார்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது. நிறுவனர் நாள் விழாவை முன்னிட்டு மைதானம் வாகன நிறுத்தத்துக்கு. பெண்கள் கால்பந்துப் பயிற்சி மறு அறிவிப்பு வரை கிடையாது. கிரிக்கெட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

"மன்னிப்பு லெட்டர் குடுத்தா கிரவுண்ட திருப்பித் தருவாங்களாம்," என்றாள் ஊரப்பாக்கத்திலிருந்து வரும் தமிழினி. நடுக்களத்தில் ஆடுபவள்.

"எதுக்குன்னு எழுதணுமாம்?"

"பிரின்சிபால் சார்கிட்ட கேட்டேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்னாரு."

"எனக்குத் தெரியல. நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடு."

மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். ஆறு மணி தாண்டியதும் காவலாளி பெரிய கேட்டைத் திறந்தார். முதல் கார் உள்ளே வந்தது. சுண்ணாம்புக் கோட்டை மிதித்து, நடுவட்டத்தைக் கடந்து, கோல் பக்கமாக வந்தது. பெண்கள் ஒதுங்கினார்கள். மாஹிரா ஒதுங்கவில்லை.

ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, காது கேக்கல?" என்று கத்தினார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தோடு வருபவளை மறிக்கும்போது நிற்பதுபோல முட்டியைச் சற்று மடக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, குதிகாலைத் தரையிலிருந்து லேசாக எடுத்து, காரின் முன்சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.