இரைச்சல் இல்லாத நாலு மாதம்

லேப்டாப் அணைந்தபோது மணி மூன்று இருபது. கண்ணாடிக் கூரை வழியே வெயில் இறங்கும் காத்திருப்புக் கூடம், வரிசையாக நீல நாற்காலிகள், அவற்றின் நடுவே நான் பிடிவாதமாக நட்டுவைத்திருந்த ஒற்றை மரம் எல்லாம் திரையில் பாதி உருவாகியிருந்தன. அடுத்த நொடி கறுப்புக் கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல விரல் சுரீரென்றது. எட்டித் தொடும் தூரத்தில், கட்டிலில், என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதனால் 'ஐயோ' என்பதைக்கூட வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கித் தருவது என் வேலை. ஆர்க்கிடெக்ட் மேடம் வெறும் கோடுகளாக வரைந்து அனுப்புவார். நான் அதில் சுவர் எழுப்பி, தரை போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டி, வெயில் எந்த மூலையிலிருந்து எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று முடிவு செய்வேன். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் மிச்சத்தை லேப்டாப் பார்த்துக்கொள்ளும். ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது, எந்த நாற்காலியின் நிழல் எந்த நாற்காலியில் விழுகிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போடும். ஒரு பெரிய படத்துக்கு மூன்று, நான்கு மணி நேரமாகும். அந்த நேரத்தில்தான் உள்ளே இருக்கும் சின்ன விசிறி தன் குரலைக் காட்டும். மூச்சு வாங்குவதுபோலத் தொடங்கி, சீறலாகி, பத்தாவது நிமிடத்தில் பக்கத்து அறையில் யாரோ ஈரத்தலையை டிரையரில் உலர்த்துவதுபோல ஆகிவிடும்.

ஆபீசில் இருந்தவரை அது யாருக்கும் கேட்டதில்லை. அங்கே பன்னிரண்டு லேப்டாப்புகளும் ஒன்றாகக் கத்தும். ஆபீஸ் இருந்த கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள் என்று எங்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன பிறகுதான் வினை வந்தது. எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறார், முதல் ஷிஃப்ட். ஊர் எழுவதற்கு முன் கிளம்பினால் மதியம் ஒன்றரைக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு இரண்டிலிருந்து ஐந்துவரை தூங்குவார். மற்றவர்களுக்கு அது குட்டித் தூக்கமாகத் தெரியலாம். அவருக்கு அதுதான் பாதி இரவு.

வீட்டில் வேலை தொடங்கிய முதல் வாரம், விசிறி உச்சத்தில் இருந்தபோது அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். சொல்லாமல் விட்டதுதான் உறுத்தியது. அன்றைக்கே லேப்டாப்பின் அமைப்புகளைத் துழாவி 'சைலண்ட் மோடு' என்று ஒன்றைக் கண்டுபிடித்து அழுத்தினேன். விசிறி கப்சிப். மேஜையின் அதிர்வுகூடக் கேட்கக்கூடாதென்று லேப்டாப்புக்கு அடியில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தேன். பிறகு அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினேன். குழாயில் துணி கட்டினேன். செருப்பை விட்டு சாக்ஸ் போட்டு நடக்கப் பழகினேன். தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடினேன். நாலு மாதம் இப்படியே போனது. படங்கள் முடிய முன்பைவிட இரட்டிப்பு நேரம் பிடித்தது. மெஷினுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அணைந்தது ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கான படம். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று ஆர்க்கிடெக்டுகள் போட்டியிட்டார்கள், அதில் எங்கள் மேடமும் ஒருவர். மறுபடி இயக்கினேன். இருபது நிமிடத்தில் மறுபடி அணைந்தது. நாலரைக்கு மாடிப்படியில் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை. ஃபைலை அனுப்பு, வேறொருவரை வைத்து முடிந்தவரை பார்க்கிறேன் என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். "சரி, நீ விடு" என்று வைத்துவிட்டார். அந்த 'நீ விடு' இரண்டு நாள் காதிலேயே இருந்தது. ஒரு மாதமாக அந்தக் கூடத்தில் வெயிலை எங்கே விழவைப்பது என்று யோசித்தவள் நான். ஊசிக்காகக் காத்திருக்கும் ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்தால் இலை தெரியவேண்டும் என்றுதான் அந்த மரத்தை வைத்தேன்.

மறுநாள் மதியம் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொண்டுபோனபோது என் வீட்டுக்காரரும் கூட வந்தார். இரண்டு தெரு தள்ளி லேப்டாப் பழுது பார்க்கும் பெண்ணை எல்லோரும் ஸ்க்ரூ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடித்திருக்கிறது, பெயர்ப்பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார். லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றி, இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். சாம்பல் நிறத்தில் சின்னப் பாய் மாதிரி ஒன்று முழுசாக வந்தது. என் துண்டின் நூல்தான். நாலு மாதமாகக் காற்று உள்ளே போகும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து பாய் பின்னியிருக்கிறது.

இதற்குக் கீழே துணி வைத்தீர்களா என்று கேட்டார். சத்தம் கேட்கக்கூடாதென்று வைத்தேன் என்றேன். சைலண்ட் மோடு பற்றியும் சொன்னேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"சத்தம் வந்தா அது நல்லா இருக்குன்னு அர்த்தம். கஷ்டமான வேலை குடுத்தா உள்ள சிப்பு கரண்ட்ட நிறைய இழுக்கும், சூடாகும். அந்தச் சூட்டை வெளிய தள்ளத்தான் ஃபேன் அவ்ளோ வேகமா சுத்துது. காத்து வேகமாப் போனா இரையத்தானே செய்யும்? நீங்க அது வாயைப் பொத்திட்டீங்க. சூடு தாங்காம முதல்ல அதுவே வேலைய மெதுவாக்கிக்கும். அப்புறமும் முடியலன்னா, வெந்து போறதுக்கு முன்னாடி அணைஞ்சிடும்."

"ஏத்தத்துல ஃபுல் லோடோட ஏறும்போது ரேடியேட்டர் ஃபேன் இரையற மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர். ஸ்க்ரூ அக்கா ஆமாம் என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, சைலண்ட் மோடு எப்போதிருந்து என்று கேட்டார். சொன்னேன். யாருக்காக என்று கேட்கவில்லை. அந்தச் சாம்பல் பாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்காரலாம் என்றார். இரண்டு பஸ்கள் வந்து போயின. ஒரு டிரைவர் இவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார், இவர் பாதிதான் தூக்கினார். பிறகு, போன வாரம் வளைவில் திரும்பும்போது தன் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி விளக்குக் கம்பத்தில் மோதி உடைந்துவிட்டது என்று சொன்னார். யாருக்கும் அடியில்லை. இரண்டு நொடி கண் செருகியிருக்கிறது. டெப்போவில் வண்டியிலிருந்து இறக்கி, டிரிப் ஷீட் எழுதும் மேஜையில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஆறு நாளாகச் சீருடை போட்டுக்கொண்டு போனது அந்த மேஜைக்குத்தான்.

அந்த நடைபாதையில் யாராவது நின்றிருந்தால் என்று ஒரு கணம் நினைத்து, அதற்கு மேல் நினைக்கமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டேன். மூணு மணி நேரம் தூங்குகிறீர்களே, பிறகு எப்படிக் கண் செருகும் என்று கேட்டேன்.

"தூங்கல" என்றார். "நாலு மாசமா மத்தியானம் நான் தூங்கவே இல்ல."

ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். பதினாறு வருடமாக இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த உடம்பு அது. ஷெட்டில் பத்து வண்டி உறுமும்போது அசந்து தூங்கும். வண்டி திடீரென்று நின்றால்தான் விழிப்பு வரும். முதல் வாரம் என் விசிறிச் சத்தத்தில் அவ்வளவு நன்றாகத் தூங்கினாராம். அன்றைக்குக் கண்ணைத் திறந்தது, நான் சாப்பிட்டேனா என்று கேட்கத்தானாம். நான் வேலையில் மூழ்கியிருந்ததால் கேட்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

"அப்புறம் வீடே ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு. நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது எனக்குக் கேக்கும். அத வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணத் தொறந்தா நீ வேலைய மூடி வெச்சிடுவ. அதான் மூடியே படுத்திருந்தேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். கம்பத்தில் மோதியதை ஆறு நாள் மறைத்த கோபம், அதற்கடியில் என் சாக்ஸ்மேல், துண்டுமேல், மாடிப்படியில் தும்மிய ஒவ்வொரு தும்மலின்மேலும் கோபம். பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. தினமும் மூன்று மணி நேரம், ஒரே அறையில், ஒருத்தி இல்லாததுபோல நடிக்க, இன்னொருத்தர் தூங்குவதுபோல நடித்திருக்கிறோம். பார்க்க ஒரு ஈ காக்கைகூட இல்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

மருத்துவமனை வேலை மேடத்துக்குக் கிடைக்கவில்லை. என் படம் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று வாரம் என்னைக் கூப்பிடவே இல்லை. பிறகு ஒரு பள்ளிக்கூட நூலகத்தின் படம் வந்தது. அதற்குள் டெப்போவில் டாக்டரை வைத்து இவரைப் பரிசோதித்து, இரண்டு நாள் பக்கத்தில் ஒரு சீனியரை உட்காரவைத்து ஓட்டச் சொல்லி, வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நூலகப் படத்தைக் கணக்குக்குப் போட்ட அன்று மதியம் இரண்டே கால். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை ஒரு மரப்பலகையில், அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு வைத்து, பொத்தானை அழுத்தினேன். விசிறி மூச்சு வாங்கியது, சீறியது, பத்து நிமிடத்தில் அறை முழுக்க இரைந்தது. என் தோள் தானாகவே இறுகியது. திரையில் புத்தக அலமாரிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு தட்டாக வெளிச்சம் பெற்றுக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மூடியிருந்தது. ஆனால் நாலு மாதமாக அந்த மூடிய கண்ணை நம்பி ஏமாந்தவள் நான். மூச்சு சீராக இருக்கிறதா, இமை அசைகிறதா என்று நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. நகர்த்தியது நகர்த்தியபடியே உட்கார்ந்துவிட்டேன்.

போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அவர் வலது பாதம், தூக்கத்திலேயே பிரேக்கை மிதிப்பதுபோல, மெல்லக் கீழ்நோக்கி அழுந்தியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, யாரோ ஒரு வயதானவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்குவதற்கு வேண்டிய நேரம். பிறகு பாதம் தளர்ந்து மேலே வந்தது.