ஊட்ல சொல்லிக்கினு வந்தீங்களா?

என் வாய்க்கு ஊரில் நல்ல பேர் கிடையாது. திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில், சரியாக முக்குத் திரும்பும் இடத்தில் எனக்கு விறகு மண்டி. என் வீட்டுக்காரர் விட்டுப்போனது. அந்த முக்கில் வண்டிக்காரன், சைக்கிள்காரன், நடந்து போகிறவன் அத்தனை பேரும் கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவேன்.

"டேய், ஊட்ல சொல்லிக்கினு வந்தியாடா?"

சாகத்தானே கிளம்பினாய், பெண்டாட்டி பிள்ளையிடம் விடை வாங்கிக்கொண்டாயா என்று அர்த்தம். மெட்ராஸ் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டாம். பர்மாவில் பிறந்தவளுக்கு விளக்கியிருக்க வேண்டும். நான் விளக்கவில்லை. தப்பு என்னுடையதுதான், மென்று முழுங்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி லோகநாதன் பத்து வயதில் மாமாவோடு ரங்கூனுக்குப் போனவன். அறுபத்தைந்தில் அங்கிருந்து நம் ஜனங்களைத் துரத்திவிட்டபோது கப்பலில் வந்து இறங்கினான். சம்பாதித்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பர்மாக்காரப் பெண்டாட்டியுமாக வந்தான். அவள் பெயர் மா ச்சீ. 'மா' என்பது அவர்கள் ஊரில் மரியாதைக்குச் சேர்ப்பதாம். பெயர் வெறும் 'ச்சீ'. தம்பி பெண்டாட்டியை நாள் முழுக்க 'ச்சீ', 'ச்சீ' என்று கூப்பிட்டால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? ஏற்கெனவே எனக்கு நல்ல பேர். சீத்தா என்று மாற்றி வைத்தேன்.

வந்த பெண் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. சைக்கிள் கேட்டாள். ரங்கூனில் சுருட்டுக் கம்பெனி வேலைக்குத் தினமும் சைக்கிளில்தான் போய் வந்தாளாம். "அங்க எல்லாப் பொம்பளையும் ஓட்டுவாங்கக்கா," என்றான் தம்பி, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு. "இங்க எந்தப் பொம்பளையும் ஓட்ட மாட்டா," என்றேன் நான். அது முழு உண்மையில்லை. நர்ஸ் சாராள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றலாகிப் போனபோது, நடுவில் பார் இல்லாத அந்த லேடீஸ் சைக்கிளை நான்தான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். தம்பி வாங்கித் தருவான் என்று காத்திருந்தால் அவளுக்குப் பல் விழுந்திருக்கும்.

முதல் நாள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கன்னத்தில் ஏதோ மரப்பட்டையை அரைத்துப் பூசிய மஞ்சள் வட்டத்தோடு அவள் போன அழகு இருக்கிறதே! என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. வீடு வீடாகப் போய் விறகு, கரிக்கு ஆர்டர் வாங்கி வருவாள். கேரியரில் கரி மூட்டையை வைத்து அவளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டும் வருவாள். வியாபாரம் கூடியது. மண்டி வாசலில் வேலையில்லாத ஆம்பிளைகளின் கூட்டமும் கூடியது. அவர்களை நான் பார்த்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம், மணி அடிக்க மாட்டாள். "மணி அடிச்சா நாய வெரட்டற மாரி இருக்குது அக்கா," என்பாள். வாயால் கேட்டுத்தான் வழி வாங்குவாள். அவளுடைய தமிழோ முழுக்க என் தமிழ், ஏனென்றால் தம்பி அவளோடு பர்மா பாஷையில்தான் பேசுவான். ஆக, குறுக்கே வருகிறவரைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, சிரித்த முகமாகக் கேட்பாள்.

"ஊட்ல சொல்லிக்கினு வந்தீங்களா?"

'டா'வை எடுத்துவிட்டு 'ங்க' போட்டிருந்தாள். மரியாதையாம். வாயைப் பிளந்துகொண்டு நின்றவர்கள் உண்டு, சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பெரியபாளையத்துக் கிழவி ஒருத்தி, "சொல்லிக்கினுதான் வந்தேன் கண்ணு," என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். தெருவுக்கே தமாஷ். திருத்தியிருக்கலாம். நானும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தேழு தை அமாவாசை. வீரராகவர் கோயில் குளத்தில் முழுகவும், வேண்டுதலுக்குப் பாலும் வெல்லமும் கரைக்கவும் முந்தின நாளே சனம் வந்து நெரியும். நிற்க இடமில்லாத தெருவில் அவள் கரி மூட்டையோடு புகுந்து போய்க்கொண்டிருந்தாள். வேட்டி சட்டையில் ஒருவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு நேராக வந்து முன்சக்கரத்தில் இடித்துக்கொண்டார். சீத்தா இறங்கி, அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, அக்கறையாகக் கேட்டாள். "ஐயா, ஊட்ல சொல்லிக்கினு வந்தீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவர் ஏட்டு சுப்பராயன். சைக்கிளில் வரி கட்டி வாங்கி மாட்டுகிற அந்த வருஷத்து லைசென்ஸ் வில்லை இல்லை என்று சொல்லி அங்கேயே பிடுங்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்.

சைக்கிள் போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் அவளுக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று போட்டிருந்த மனு அப்போதுதான் விசாரணைக்கு வந்தது. மனுதாரர் நடத்தை எப்படி, இங்கே இருக்க விடலாமா என்று எழுத வேண்டியவர் யார்? அதே ஏட்டு. அவர் வேண்டாம் என்று எழுதினால் திரும்பக் கப்பல்தான். தம்பி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான். அவளோ அந்த வாரம் முழுக்க நடந்தே போய் வந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. நடக்கும்போது அவள் எவ்வளவு சின்ன உருவம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மனு எழுதிக் கொடுத்தவர் விவரம் சொல்லியிருந்தார். "திரும்பிப் போக இஷ்டமான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லணும். அதான் முக்கியம்." அந்த 'இல்ல'வை அவளைப் பத்துத் தடவை சொல்ல வைத்து, தம்பியோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"புருஷன் வெளிய இருக்கட்டும். அவன் எதிர்ல நெஜம் வராது," என்றார் ஏட்டு. தம்பி மறுபேச்சில்லாமல் வெளியே போனான். என்னைப் பார்த்து, "நீ இரும்மா, தொணைக்கு," என்றார்.

அவர் பேனாவைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்தேன். "ஏட்டய்யா, அன்னிக்கு அவ கேட்டது அவ பேச்சில்ல, எம்பேச்சு. ரோட்ல போறவங்கள நான் திட்றதக் கேட்டுக் கத்துக்கினா. அது திட்டுன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச நானும் சொல்லிக் குடுக்கல. எழுதறதா இருந்தா எம்மேல எழுதுங்க." என் ஜென்மத்தில் நான் யாரிடமும் இறங்கிப் பேசினது அதுதான் முதல் தடவை.

சீத்தா என் பக்கம் திரும்பினாள். "திட்டா, அக்கா?"



"பின்ன நீ இன்னான்னு நெனச்சிக்கினு கேட்ட?" என்றார் ஏட்டு.

அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "நல்ல ஊருன்னு நெனச்சேன் ஐயா. ரோட்ல போறது யாரோ. அவங்கள ஊட்ல தேடுவாங்களேன்னு அக்கா கவலப்படறாங்கன்னு நெனச்சேன். எங்க ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. என்னையும் யாரும் கேக்கல. கப்பல் ஏறும்போது ஒருத்தர் கேட்டிருந்தா, எறங்கிப் போய் சொல்லிட்டு வந்திருப்பேன்."

"யார்கிட்ட?"

"அம்மாகிட்ட. சொன்னா வுட மாட்டாங்க. காலைல மீன் விக்க சந்தைக்குப் போனாங்க. நான் கெளம்பிட்டேன்."

இரண்டு வருஷமாக என் அடுப்பில் சாப்பிட்டவள். இது எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு தாய் இருப்பாளே என்றுகூட நான் ஒரு நாள் கேட்டதில்லை. கத்தத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை. பாவி, என்ன வாய் எனக்கு இது என்று இருந்தது.

ஏட்டு காகிதத்தைப் புரட்டினார். பெயர், வயது, கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்து அந்தக் கேள்விக்கு வந்தார். "சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போவ இஷ்டம் உண்டா?"

"போவணும்," என்றாள்.

அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "அடியே, இன்னா சொல்லிக் குடுத்தேன் உனக்கு?"

"போய் சொல்லிட்டு வந்துடுவேன் அக்கா."

ஏட்டு எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனிதர், அவள் சொன்ன முதல் வார்த்தையை எழுதியிருந்தாலே கதை முடிந்திருக்கும். என்னைப் பார்த்தார். நீயே சொல் என்கிற பார்வை. கடைசியில் அவரே சொன்னார். "போனா வர முடியாதும்மா. அங்கேயும் வுட மாட்டாங்க, இங்கேயும் வுட மாட்டாங்க."

"ஒரு வாட்டிகூடவா?"

"ஒரு வாட்டிகூட."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போதும் சைக்கிள் சங்கிலி மசி ஒட்டியிருக்கிற விரல்கள் ஒரு வாரமாகச் சுத்தமாக இருந்தன. வெளியே வேப்பமரத்தடியில் தம்பி உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனை ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தாள். ஏட்டு அவசரப்படுத்தவில்லை.

"இல்ல," என்றாள். "இஷ்டம் இல்லன்னு எழுதிக்குங்க ஐயா."

எழுதினார். நடத்தை நல்லது என்று எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். சைக்கிளைக் கொடுத்து, வில்லையை மட்டும் உடனே வாங்கி மாட்டச் சொன்னார். வாசல் வரை வந்தவர், என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அன்னிக்கு நானும் ஊட்ல சண்ட போட்டுக்கினு, சொல்லாமதான் வந்தேன். அதான் கோவம் வந்துட்ச்சி."

மத்தியானம் வெளிநாட்டுக்கு எழுதுகிற நீலத் தாள் ஒன்று வாங்கி வந்து அவள் மடியில் வைத்தேன். "ஒங்கம்மாவுக்கு எழுதுடி." இரண்டு வருஷமாகப் பயத்தில் ஒரு வரி எழுதினதில்லையாம். மண்டியில் விறகு அடுக்கின மேடையில் உட்கார்ந்து, வட்ட வட்டமான அந்த எழுத்தில் இடம் விடாமல் எழுதினாள். இரண்டு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விறகு வாங்க வந்தவர்களையெல்லாம் அப்புறம் வா என்று நான் அனுப்பிவிட்டேன்.

"இன்னா எழுதின?" என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

"எல்லாம் எழுதிட்டேன். மொத வரிதான் சரியான்னு தெரியல அக்கா. எங்க பாஷையில கெளம்பறப்ப 'போறேன்'னுதான் சொல்வோம். நான் ஒங்கள மாரி 'போய்ட்டு வரேன்'னு எழுதிட்டேன். அது பொய்யா?"

"பொய் இல்லடி," என்றேன். "திரும்பி வராதவங்களும் அப்பிடித்தான் சொல்லிக்கினு போவாங்க."

அவள் தாளை மடித்து, ஓரத்தை ஒட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறித் தபாலாபீசுக்குப் போனாள்.