விசாவுக்கு ஒரு கைநாட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் என் பேரில் ஒரு வீடு இருந்தது; நாங்கள் குடியிருந்ததும் அதில்தான். அப்பா அங்கே பலகாரக் கடை வைத்துச் சம்பாதித்து, என் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. விற்கலாம் என்று என் வீட்டுக்காரர் ராசப்பன் கேட்டபோதெல்லாம் முடியவே முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் தென்காசிப் பெண். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் மலையாளம் பேசப் பழகினேனே தவிர, படிக்க வரவில்லை. பஸ் போர்டைக்கூட அவர்தான் படித்துச் சொல்வார். 2003-இல் ஒருநாள், "சிங்கப்பூர் போறோம் மகா. விசாவுக்கு நீ ஒரு ஒப்பு போடணும்" என்று ஏதோ ஓர் ஆபீசுக்கு அழைத்துப் போனார். மலையாளக் காகிதத்தில் என் பேரைத் தமிழில் எழுதினேன். பெருவிரலையும் மையில் உருட்டினார்கள்.

"சம்மதமல்லே?" என்று கேட்டார் அதிகாரி.

சிங்கப்பூர் போக யாருக்குத்தான் கசக்கும்? பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

சிங்கப்பூரில் என் கால் தரையில் பாவவில்லை. விடிந்தும் விடியாமலும் வில்லிங்டன் தீவுத் துறைமுகக் கிடங்கு வேலைக்கு ஓடுகிற மனிதர், அங்கே ஒன்பது மணி வரை தூங்கினார். ரோடு கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே பார்த்தாலும் தமிழ் எழுத்து. ஒன்று விடாமல் நான் உரக்கப் படித்துக்கொண்டே வர, அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள், அங்கே ஓட்டலில் வேலை பார்க்கும் அவருடைய சிநேகிதர் இசக்கிதுரை எங்களைச் சாயா குடிக்க அழைத்தார். பேச்சுவாக்கில் விசாவுக்குக் கைநாட்டு வைத்த கதையைச் சொன்னேன்.

இசக்கிதுரை விழுந்து விழுந்து சிரித்தார். "விசாவுக்கு யாரு மதினி கைநாட்டு வாங்குறா? எல்லாம் ஏஜெண்டுதான் பாப்பான். நிலம் வீடு விக்கிறப்பத்தான் பெருவிரலை உருட்டுவாங்க."

நானும் சிரித்துக்கொண்டே ராசப்பனைப் பார்த்தேன். அவர் சாயா கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "வீட்டை வித்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குற மாதிரி ஆக்கப் போறாங்களாம். நல்ல பார்ட்டி. நீ சம்மதிக்க மாட்டே. காக்கநாட்டுல நமக்கு வாடகைக்கு வீடு பாத்தாச்சு, பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்ல." பிறகு மெதுவாக, "இன்னும் மூணு நாள் இருக்கு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே" என்றார்.

வீடு போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. ஐந்து நாளும் நான் சின்னப்பிள்ளை மாதிரி துள்ளியதை இந்த மனிதர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். முதலில் சுட்டது அதுதான். மூன்று நாளும் ஓட்டல் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை.

திரும்பி வந்த மறுநாளே மட்டாஞ்சேரி வக்கீல் வெங்கிடராமனைத் தேடிப் போனேன். தமிழ் ஆள், பொறுமையாகக் கேட்டார்.

"அவர் உங்களை அடிச்சாரா? பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினாரா?"

"இல்ல சார். சந்தோஷப்படுத்தி வாங்கினாரு. அதுக்கு ஏதாவது செக்‌ஷன் இருக்கா?"