ஆந்தை மார்க் குறடும் வெள்ளவத்தையில் நான் நிறுத்திவைத்த கரண்டும்

1

படார்!

கொட்டாஞ்சேனையில் ஷிப்லியின் ஹார்ட்வெயார் கடைக்குள்தான் அந்தச் சத்தம். வருடம் 2008, கொழும்பில் எங்கே எப்போது குண்டு வெடிக்கும் என்று தெரியாத காலம். எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். ஷிப்லி இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் குந்தியிருந்தார்.

குண்டில்லை. மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி விழுந்திருக்கிறது.

(வாசகரே, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ரேடியோவின் முதுகைத் திறக்கப் போய், புத்தம்புது ஸ்க்ரூ டிரைவரின் நுனி எள்ளுப்பாகு மாதிரி முறுகிவிட்டது. கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "கொம்பனி கைமாறிட்டுது, சேர்" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கற்பனையும் என் பயமும்.)

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: கொட்டாஞ்சேனையில் அன்று அழகான காலை, கோயில் மணி

வேண்டாம். அந்த வருடத்தில் அழகான காலை என்றால் எவரும் நம்பமாட்டார்கள்.

2

பெட்டிக்குள் இருந்தவை குறடுகள். எலெக்ட்ரீசியன்மார் பாவிக்கும், சிவப்பு ரப்பர் பிடி போட்ட ஆந்தை மார்க் பிளையர்கள். இங்கிலாந்துச் சாமான். ஷிப்லியின் வாப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் விற்கிறார்கள்.

ஷிப்லி ஒன்றைக் கையில் எடுத்தார். வாய்ப்பக்கம் பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. பிடியை லேசாக இழுத்தார். சிவப்பு ரப்பர், காலுறை கழல்வதுபோல் கழன்று வந்தது.

"பழைய ஆந்தை விழுந்தா சீமெந்து உடையும், முதலாளி" என்றார் கடையில் வேலை செய்யும் பீற்றர். "இந்த ஆந்தை சீமெந்துக்கு மரியாதை குடுக்குது."

ஷிப்லி சிரிக்கவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுழன்றும் அவருக்கு வியர்த்தது. நேற்றுப் பின்னேரம் இதே பெட்டியிலிருந்து ஒன்றை எலெக்ட்ரீசியன் இராஜநாயகத்துக்கு விற்றிருந்தார். விற்கும்போது சொன்ன வார்த்தை இப்போது காதுக்குள் கேட்டது. "ஆந்தை இரிக்கி, நீங்க கரண்டுக்குப் பயப்படத் தேவல்ல." கூடவே, "எங்கட வீட்டுத் தண்ணி மோட்டரையும் நேரம் கெடச்சா ஒருக்காப் பாருங்க" என்றும் சொன்னார். "பாப்பம் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டு இராஜநாயகம் போய்விட்டார்.

"இராஜநாயகம் இன்டைக்கு எங்க?"

"வெள்ளவத்தையில ஒரு மாடி ஃப்ளட்ஸ். மீட்டர் வயர் எரிஞ்சு போச்சாம். அந்தப் பக்கம் காலமையிலயிருந்து கரண்ட் இல்லை, அதுக்குள்ள முடிக்கோணும் எண்டார்."

மெயின் சுவிட்ச் மீட்டருக்குப் பிறகுதான் வரும், மீட்டரடியில் அது காப்பாற்றாது. கரண்ட் திரும்பி வந்தால் மனிதனுக்கும் வயருக்கும் நடுவில் இருப்பது அந்தச் சிவப்பு ரப்பர் மட்டும்தான்.

ஷிப்லி போன் எடுத்தார். அடித்தது. எவரும் எடுக்கவில்லை.

3

இந்த இடத்தில் கதை கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஒரு முதலீட்டு நிறுவனம் கருவிக் கொம்பனியை வாங்கும்போது பட்டறைக்குள் எட்டியும் பார்ப்பதில்லை. பெயரைப் பார்க்கிறது. வாங்குவதற்குக் கடன் எடுத்து, அந்தக் கடனை வாங்கிய கொம்பனியின் தலையிலேயே கட்டிவிடுகிறது. பிறகு வட்டி கட்ட வேண்டாமா? இரும்பை நெருப்பில் வைத்துப் பதம் போடும் நேரம் குறைகிறது. ரப்பர் மெல்லிசாகிறது. வேறொரு நாட்டில் யார் மலிவாகச் செய்வாரோ அவரிடம் அச்சு போய்ச் சேர்கிறது. ஆந்தை மட்டும் அப்படியே இருக்கும், விலை கொடுத்ததே அதற்குத்தானே! நாலு பேர் ஏமாந்து ஆந்தையை நம்பாமல் போகும் நேரம், நிறுவனம் கொம்பனியை இன்னொருவர் தலையில் கட்டியிருக்கும்.

ஷிப்லிக்கு இது அரசல்புரசலாகத் தெரியும். சரக்குக் கொண்டுவரும் ஏஜன்ற் கிளெமென்ற் தேநீர் குடித்தபடி சொன்னதுதான். "கொம்பனிய ஆரோ பெரிய சல்லிக்காரங்கள் வாங்கிட்டாங்கள், நானா. பயப்படாதீங்கோ, பெட்டி அதே பெட்டி."

பெட்டிக்குள் என்ன என்று ஷிப்லி கேட்கவில்லை.

(பத்திரிகை ஆசிரியர் இந்தப் பகுதியை வெட்டச் சொல்வார். வெட்டினால் ஷிப்லி ஏன் ஓடுகிறார் என்பது எவருக்கும் விளங்காது.)

4

ஷிப்லி உடைந்த குறட்டைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு த்ரீவீலரில் ஏறிவிட்டார். இனி என் கஷ்டம் தொடங்குகிறது.

இராஜநாயகம் என்ற பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். அந்தத் தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடு, பையில் வயரும் குறடும் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் அத்தனை சோதனைச் சாவடிகளையும் எப்படித் தாண்டினார்? எந்த வாசகராவது கேட்கத்தான் போகிறார். என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்குத் தாண்டினார் என்று வைத்துக்கொள்வோம்.*

வெள்ளவத்தைக்குக் கரண்டைத் திருப்ப எனக்கு ஒரு வசனம் போதும். எழுதியும் பார்த்தேன்: அப்போது திடீரென்று எல்லா விளக்குகளும்

கை நின்றுவிட்டது. அந்த வசனத்தை நான் முடிக்காதவரை அவர் உயிரோடு இருப்பார்.

* ஒரு கதையில் ஒரு ஓட்டை இருக்கலாம் என்பது என் கொள்கை.

5

பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் ஷிப்லியின் பையைத் தட்டினான். குறடு வெளியே வந்தது.

"மே மொகடத?" இது எதற்கு என்று கேட்டான்.

ஷிப்லி சிங்களத்தில் விளக்கினார். கடை, சாமான், உடைந்தது, திருப்பிக் கொடுக்கப் போகிறேன். குரல் நடுங்கியது. நடுங்கும் குரலை அந்த நாட்களில் எந்தச் சிப்பாயும் நம்பமாட்டான். இரண்டு தடவை அடையாள அட்டையைப் பார்த்தான், கடையின் பெயரைக் கேட்டான், குறட்டைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு போகச் சொன்னான்.

த்ரீவீலர் நகர்ந்தபோது ஷிப்லிக்குள் ஒன்று உறுத்தியது. உடைஞ்ச ஒன்டுக்கே எனக்கு இவ்வளவு கேள்வி. அப்ப இராஜநாயகம் எப்படி

போன் அடித்தது. மனைவி றலியா.

"இங்க பாருங்க, அந்த மோட்டர்ட விஷயம். நிலாம் சொல்ற, அவனே அத—"

நிலாம் றலியாவின் தம்பி, கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீட்டிலேயே இருப்பவன். வீட்டில் ஒரு பிளக்கையும் சும்மா விடாதவன்.

"ஒரு மனுசன்ட உசிர் போகப் போகுது, ஒங்களுக்குத் தண்ணி மோட்டரா? வைங்க போன!"

வைத்துவிட்டார். உறுத்திய நினைப்பும் அதோடு போய்விட்டது. (இந்த போன் காட்சியைச் சிரிப்புக்காகப் போட்டேன். பிறகு எடுத்துவிடலாம்.)

6

முடிவுகள்.

ஒன்று: ஷிப்லி போய்ச் சேரும்போது ஃப்ளட்ஸ் வாசலில் கூட்டம். வேண்டாம், எழுத எனக்குத் தைரியமில்லை.

இன்னொன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், கொம்பனி மன்னிப்புக் கடிதம் அனுப்புகிறது. நீங்களே சிரிப்பீர்கள்.

நடந்ததாக நான் நம்புவது இது. இராஜநாயகம் மீட்டரடியில் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தார், முழுசாக. கையில் கறுப்பு இன்சுலேஷன் ரேப் சுற்றிய பழைய குறடு, ஃப்ளட்ஸைக் காவல் காக்கும் வாட்சரின் அறையில் அவர் எப்போதோ விட்டு வைத்தது.

"என்ன நானா, பேயைக் கண்ட மாதிரி ஓடி வாறியள்?"

ஷிப்லி சுவரைப் பிடித்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்! நேத்து நான் தந்த புது பிளையர் எங்க? அத இங்க தாங்க. அதத் தொடவே வேணாம்."

அவருடைய போன் மறுபடியும் அடித்தது. வீட்டு இலக்கம்.

வாசகரே, நான் இங்கே நின்றுகொள்கிறேன். வெள்ளவத்தையில் கரண்டை நான் இன்னமும் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. போன் அடித்துக்கொண்டிருக்கிறது, அதை நீங்கள் எடுங்கள். இராஜநாயகம் சொன்ன பதிலை மட்டும் எழுதிவிடுகிறேன்.

"என்ர பேரை வச்சுக்கொண்டு அதோட செக்பொயின்ற் தாண்டேலுமே, நானா? காலமை உங்கட வீட்டு மோட்டரைப் பாக்கப் போனனான், நிலாம் தம்பி தானே செய்யிறன் எண்டார், ஆந்தை மார்க்தானே பயமில்லை எண்டு சொல்லி அவரிட்டையே குடுத்திட்டு வந்திட்டன்."