இடுப்பெலும்பு

மண்டியிட்டுவிட்டேன், எழத்தான் முடியவில்லை. என் கணவன் லாயியின் அம்மா ஓயோவிலிருந்து காலைப் பேருந்தில் இபாடானிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கணவனின் தாயை மருமகள் நின்றபடி வரவேற்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஏழு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்து ஒவ்வொரு முட்டியாக இறக்கியபோதே இடது இடுப்பெலும்புக்குள் திருகாணியை முறுக்குவது போலிருந்தது.

"இபாடான் பொண்ணுங்களுக்கு முட்டின்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு போல," என்றார். "போதும், எழுந்திரு. என் பேரன் நசுங்கிடப் போறான்."

நான் சிரித்தேன். இடுப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

நான்கு ஆண்டுகளாக இந்த முட்டிகளை வைத்துத்தான் அவரை ஏமாற்றி வந்தேன். சட்டென்று மண்டியிடுகிறவளை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. எனக்கு அரிவாள் செல் நோய், எலும்பெல்லாம் நோகவைக்கும் பரம்பரை ரத்த நோய். லாயிக்கு நோயில்லை, ஆனால் அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடிய ரத்தம். அப்படிப்பட்ட இருவருக்கு எங்கள் தேவாலயம் திருமணம் செய்துவைக்காது. ரத்தச் சான்றிதழ் கேட்டபோது, என் பெயரில் என் தங்கையின் ரத்தத்தைக் கொடுத்தோம். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. யோசனை லாயியுடையது. தங்கையைக் கூட்டிப்போனது நான்.

அம்மா குனிந்து என் முகத்தைத் திருப்பினார். "கண்ணு எத்தனை நாளா மஞ்சளா இருக்கு?"

"மலேரியாம்மா. போன வாரம்."

"மலேரியாவுக்கு இடுப்பு நோவுமா?"

லாயிக்கு முன் பிறந்து இறந்த இரு பிள்ளைகளைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர் பேசினார்.

"மூத்தவன் போறப்ப அவனுக்கு ஏழு வயசு. அவனும் இப்படித்தான் தரையில உக்காந்துக்கிட்டு, எழுந்திருக்க முடியலன்னு சொல்ல வெக்கப்பட்டுச் சிரிப்பான்." பிறகு கேட்டார்: "லாயிக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?" அது என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. "வயித்துல இருக்கறதுக்கும் இது வருமா?"

"சரிபாதி வாய்ப்பு இருக்குன்னு டாக்டருங்க சொன்னாங்க. மூணாவது மாசமே டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கலாம். வேண்டாம்னு நான்தாம்மா சொன்னேன்."

"ஏன்?"

பார்த்தால் முடிவெடுக்க வேண்டும். என்னைப் போன்ற குழந்தை வேண்டாம் என்று என் வாயால் சொன்னால், இத்தனை வருடம் வலியோடு எழுந்து நடந்த என்னையே வேண்டாம் என்பதாகும். வேண்டும் என்று சொன்னாலோ, இந்த வலியை இன்னோர் உடம்புக்குத் தெரிந்தே கொடுப்பதாகும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "பயம்மா," என்றேன்.

என்னைத் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். அவர் தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என் வயிற்றை நோக்கி அவர் கை நீண்டது. ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. உள்ளே குழந்தை உதைத்தது. என் வயிற்றின் மேல் துணி அசைந்ததை இருவருமே பார்த்தோம். கை தொடவும் இல்லை, விலகவும் இல்லை.