ஒரு நாளைக்கு ஒரு திருகு

தையல் மெஷின் பழுது பார்ப்பவளுக்கு ஒரு புத்தி உண்டு. எங்கே இடைவெளி விழுந்தாலும் ஸ்க்ரூவை இறுக்கப் போய்விடுவாள். பதினாறு வருடமாக ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு அதுதான் வேலை. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வாயால்தான் மூச்சு விடுகிறாள். ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருவாள், பகலில் வகுப்பில் தூங்கி விழுவாள். பல் டாக்டர் பார்த்துவிட்டு, மேல் தாடை குறுகல், வாயின் கூரையான அண்ணம்தான் மூக்குக்குத் தரை, அதை அகலமாக்கினால் மூக்குக்குள்ளும் இடம் கிடைக்கலாம் என்றார். கிடைக்கும் என்று சொல்லவில்லை, கிடைக்கலாம் என்றார். இல்லாவிட்டால் மூக்குக்குப் பின்னால் வளர்ந்த சதையை எடுக்க ஆபரேஷன். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அண்ணத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பொருத்தி, ஊசி போல ஒரு சாவியை என்னிடம் கொடுத்தார். தினமும் ஒருமுறை, ஸ்க்ரூவின் துளையில் அதை நுழைத்து முன்னாலிருந்து பின்னால் தள்ள வேண்டும். அதற்கு மேல் அவர் ஏதோ சொல்லும்போது சூப்பர்வைசர் போன் வந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று வீட்டுக்காரர் என்னைச் சொல்வது சும்மா இல்லை.

எட்டு நாள் ஒழுங்காகத் தள்ளினேன். ஒன்பதாம் நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து. நல்லாயிருந்த பல்வரிசையை நானே கெடுத்துவிட்டேன். டாக்டரைக் கேட்கத் தோன்றவில்லை, தொழில் பழக்கம், கை முந்திக்கொண்டது. சாவியை எதிர்ப்பக்கமாகத் தள்ளினேன். மறுநாளும் தள்ளினேன். வலிக்கிறது என்றாள், பொறுத்துக்கோ என்றேன்.

பதினோராம் நாளும் சந்து அப்படியே இருந்த எரிச்சலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரைத் திட்டுவதற்காகவே போன் செய்தேன். அவர் முழுசாகக் கேட்டார். தாடை விரிகிறது என்பதற்கு அந்தச் சந்துதான் அடையாளம், பிறகு தானாகச் சேர்ந்துகொள்ளும், அன்றைக்கே சொன்னேனே என்றார். திருப்பித் தள்ளியதை ஒப்புக்கொண்டேன். நாளைக்குக் கூட்டி வாருங்கள், அதுவரை சாவியைத் தொடாதீர்கள் என்றார்.

"அது இருக்கட்டும். இப்ப வாயை மூடிக்கிட்டு மூச்சு விடறாளா?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு நாளும் பல்லைத்தான் பார்த்திருக்கிறேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

அன்று சாயந்திரம் வரை நான் தொட்ட மெஷின் ஒன்றும் உருப்படவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே உட்கார்ந்து, வாயை மூடி மூச்சு விடு என்றேன். கண் கொட்டாமல் நான் பார்த்த பார்வையில் பயந்து, நாலாவது மூச்சிலேயே வாயைத் திறந்துவிட்டாள். இன்னொரு தடவை என்றேன். அப்போதும் அப்படித்தான்.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன் கண்ணு. ரெண்டு நாளா தலைகீழா தள்ளிட்டேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்."

அவள் என்னையே பார்த்தாள்.

"வலிக்குதுன்னு சொன்னேன்ல? நீ கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். அவ்வளவுதான். என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே, கோபத்துக்குக் கேட்கவா வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. முன்பெல்லாம் கோபித்துக்கொண்டாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் கோபிப்பாள், எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லையே என்று நினைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருந்தது. உதடு பிரியவே இல்லை. தோள் மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சமாதானம் செய்ய நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இவள் என்னோடு பேசாமலே இருக்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.