அணைத்துவைத்த புள்ளி

பத்தொன்பது நாள். டெக்சாஸில் கிளம்பி, கான்சாஸைக் குறுக்கும் நெடுக்குமாக உழுது, நெப்ராஸ்கா வந்து சேர்ந்ததில் வேனின் சக்கரம் தேய்ந்ததுதான் மிச்சம். லோரன் ஃபோக்டின் கேமராவில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. மின்னல் இருந்தது, ஆலங்கட்டி இருந்தது, அந்தி வானம் வண்டி வண்டியாக இருந்தது. மேகத்திலிருந்து இறங்கித் தரையைத் தொடுகிற சுழற்காற்று மட்டும் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் அதைத் துரத்துகிறான். கிடைத்தபோதெல்லாம் அவனுக்கு முன்னால் நாற்பது கார் நின்றிருக்கும். படத்தில் சுழற்காற்றைவிட அடுத்தவன் முதுகுதான் பெரிதாக விழும்.

வேனை ஓட்டியவள் அவன் அக்கா மார்வா. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே பேசுவாள்.

"டேய், இன்னிக்கும் நீல வானம்தான்னா நான் வீட்டுக்குக் கிளம்பறேன். உன் மேகத்துக்குப் பின்னாடி சுத்தி இடுப்பு விட்டுப்போச்சு."

"இன்னிக்கு வரும் மார்வா. சாயங்காலம் பாரு."

"இதையேதான் பத்தொன்பது நாளா பாடிட்டிருக்கே. கல்யாணத்தன்னிக்கே சர்ச் ஜன்னல் வழியா மேகம் பாத்துட்டு நின்னவன்தானே நீ! பாதிரியார் உன்னை மூணு தடவை கூப்பிட்டார்."

புயல் துரத்துகிறவர்கள் எல்லோருடைய போனிலும் ஒரு வரைபடம் இருக்கும். அதில் ஒவ்வொருவரும் ஒரு சிவப்புப் புள்ளி. வானிலை நிலையத்துக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் ரேடார் தொலைவு. மேகத்தின் அடிவயிறு அதற்குத் தெரியாது. சாலையில் நிற்கிறவன் கண்தான் அவர்களுக்குக் கண். புயலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் கூப்பிட்டு என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். இறங்கிவிட்டது என்று அவன் சொன்னால் ஊரில் அபாயச் சங்கு ஊதும்.

புள்ளியைச் சக துரத்துக்காரர்களும் பார்ப்பார்கள், அதுதான் வம்பு. லோரனுக்கு மோப்பம் அதிகம் என்று பேர். அவன் புள்ளி எங்கே திரும்புகிறதோ அங்கே ஈ மொய்க்கிற மாதிரி வந்துவிடுவார்கள். அன்று எல்லோரும் கிழக்கே போயிருக்க, நாலு மணிக்கு மேற்கே தனியாக ஒரு மேகம் திரண்டு எழும்பியது. லோரன் போனை எடுத்துத் தன் புள்ளியை அணைத்தான்.

"அதை எதுக்குடா அணைக்கிறே?"

"ஒரே ஒரு தடவை எனக்குன்னு இருக்கட்டும் மார்வா. ஒரே தடவை."

கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அவன் கெட்டவன் இல்லை. போன வருஷம் முதல் ஆளாகப் போன் செய்து ஒரு ஊரையே நிலவறைக்குள் இறங்கவைத்தவன் இவன்தான். ஆசை அப்படி. இருபத்தாறு வருஷத்து ஆசை.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு அது இறங்கியது. மேற்கு வெயில் பட்டு வெள்ளை வெளேரென்று, பின்னால் சிலேட்டு நிற வானம், முன்னால் பச்சைக் கோதுமை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கார் இல்லை. லோரனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேமரா முக்காலியை நட்டுப் பொத்தானை அமுக்க ஆரம்பித்தான்.

"போன் பண்ணிட்டியா?" என்று வேனிலிருந்து மார்வா கத்தினாள்.

"பண்ணிட்டேன், பண்ணிட்டேன்."

பண்ணவில்லை. பண்ணினால் அடுத்த நொடி எல்லோர் போனிலும் இந்த இடம் வந்துவிடும். இன்னும் ரெண்டு நிமிஷம் என்று நினைத்தான். படத்தின் வலது ஓரத்தில் ஒரு தானியக் கிடங்கின் தகரக் கூரை வந்து கெடுத்தது. கேமராவை இடப்பக்கம் திருப்பிக்கொண்டான். நடுவில் வரிசையாக மரங்கள். அந்தச் சமவெளியில் மரம் தானாக முளைப்பதில்லை, காற்றைத் தடுக்க வீட்டுக்காரன் நட்டால்தான் உண்டு. அது லோரனுக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும்.

ஐந்து ஐம்பதுக்குப் போனை எடுத்தான். "இப்பதான் இறங்குது, மரவரிசைக்கு மேற்கே" என்றான்.

மார்வா இறங்கி வந்தாள். "இப்பதானா?"

அவன் மறுபடி கேமராவுக்குக் குனிந்தான். ரெண்டு நிமிஷம் கழித்துத் தூரத்தில் சங்கு ஊதியது. அதற்குள் மரவரிசை பிய்ந்து பறந்துகொண்டிருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. நிலவறைக் கதவருகே அறுபது வயசுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பேர் ட்வைலா க்ரெப்ஸ். பக்கத்தில் குதிரைக் கம்பளி போர்த்திய உடம்பு, அவள் கணவன் ஆர்லின். மார்வா மண்டியிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கம்பளியைத் திரும்ப இழுத்துவிட்டாள்.

"நான் கீழே ஜாம் பாட்டில் அடுக்கிட்டிருந்தேன்" என்றாள் ட்வைலா. "சங்கு ஊதறப்பவே தலைக்கு மேல இரைச்சல். கதவைத் தள்ள முடியல. சங்கு கேட்டா அவர் வந்துடுவாரு, எப்பவும் வந்துடுவாரு. நீங்க பாத்தீங்களா?"

"இப்பதாம்மா வந்தோம். கடைசிலதான் பாத்தோம்" என்றான் லோரன். அந்தப் பொய் அவன் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. சீ, என்ன மனுஷன்.

ட்வைலா அவன் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள். "எடுத்தீங்களா? காட்டுங்க."

"இப்ப வேணாம்மா."

"காட்டுங்கன்னேன்ல."

அவன் மார்வாவைப் பார்த்தான். மார்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழற்றிக் கொடுத்தான்.

அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் கீழ் ஓரத்தில் விரல் வைத்து, "இதைப் பெரிசாக்குங்க" என்றாள். மரவரிசைக்கு இந்தப் பக்கம், நீலச் சட்டை, குனிந்து வேலிக்கம்பியை முறுக்குகிற ஒரு ஆள். மரம் மறைத்ததில் அந்தப் பக்கம் வருவது அவருக்குத் தெரியவில்லை. லோரன் அவரை இப்போதுதான் பார்க்கிறான். நூற்றுப் பத்துப் படம் எடுத்திருக்கிறான், ஒன்றில்கூடப் பார்க்கவில்லை.

அவள் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினாள். ஆர்லின் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிறார். முதல் படத்துக்கு வந்ததும் அடியில் இருந்த மணியைப் படித்தாள்.

"அஞ்சு நாப்பத்தொண்ணு."

அவள் கேமராவைத் தாழ்த்தினாள்.

"சங்கு ஊதினப்ப நான் மணி பாத்தேன். அஞ்சு அம்பத்திரண்டு." ட்வைலா வேலி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அங்கேருந்து இங்க வர ஒரு நிமிஷம். முட்டி வலிக்கு அப்பப்ப நின்னு வந்தாக்கூட ரெண்டு நிமிஷம்."

"அம்மா, நான்..."

"இதை அழிச்சிடாதீங்க" என்றாள் அவள், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு. "அவருக்குப் படம் எடுத்துக்கிறதே பிடிக்காது. என்கிட்ட ஒண்ணுகூட இல்ல."